பதினொரு மரங்கள்

தடிக்காரன்கோணம் தாண்டியதும்
ரோட்டின் இருபுறமும் ரப்பர்.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள்,
ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை.
இரண்டாம் கியரில் நான் ஏற்றிக்கொண்டிருக்க
பின்னாலிருந்து ஸ்டெபின் சொன்னான்:
"வளைவுல ஹாரன் அடி. எதிர்ல லோடு வரும்."

அடித்தேன்.
எதிரே வந்தது ஒரு பசு.

மூன்று வருடம்
அவன் ஓட்ட நான் பின்னால் இருந்திருக்கிறேன்,
கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, தக்கலைச் சந்தைக்கு.
மலைக்கு மட்டும் கூட்டுக்காரன்மாரோடு போவான்.
திரும்பி வந்து சொல்வான்:
"பைன் காடு, எடி. கொடைக்கானல் எதுக்கு?
உள்ள போனா வெளிய வர வழி தெரியாது."
ஈரச் சட்டையைக் கொடியில் போடும்போது
நானும் ஒருமுறை முகர்ந்து பார்த்திருக்கிறேன்.
பெட்ரோல் வாசம்தான் வந்தது.

டிசம்பரில் தோட்டியோட்டில் டிப்பர் உரசியது.
வலது முழங்காலில் ஆறு ஸ்க்ரூ.
பைக்கை விற்றுவிடலாம் என்றார்கள் அவன் வீட்டில்.
நான் பள்ளி மைதானத்தில் எட்டு போட்டுப் பழகினேன்.
மூன்று முறை விழுந்தேன்.
நான்காவது முறை விழுந்தது
இப்போதுவரை யாருக்கும் தெரியாது.

கீரிப்பாறை செக்போஸ்டில்
பேனாவை உதறிக்கொண்டே கார்டு கேட்டார்,
"ஓட்டுறவங்க பேரு?"
ஸ்டெபின் வாயைத் திறந்தான்.
"பெனிட்டா" என்றேன்.
அவர் எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும்வரை
அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு மேலே ரோடு பாதி, கல் பாதி.
கிராம்பு எஸ்டேட் தாண்டிக் குளிர் விரலுக்குள் ஏறியது.
ஒவ்வொரு வளைவிலும்
என் இடுப்புக்குப் பின்னால் அவன் வலது கால்
மிதிகட்டையை அழுத்துவது தெரிந்தது.
அங்கே பிரேக் இல்லை.
இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி
அந்தக் கால் இந்த வண்டியை
மலை முழுக்க நிறுத்திக்கொண்டே வந்தது.

"இதான்" என்றான். நிறுத்தினேன்.

எண்ணினேன்.
பதினொன்று.
எந்தத் துரையோ எந்தக் கங்காணியோ
ஒரு வேலியோரம் நட்டு மறந்தவை.
நடுவில் ஒன்றில் பழைய சைக்கிள் டயர் தொங்கியது.
அந்தப் பக்கம் மறுபடியும் ரப்பர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனாகவே சொன்னான்:
"அன்னைக்கு மஞ்சு கெடந்துது."
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
"இன்னும் நெறைய இருந்துது, கேட்டியா."

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினேன்.
காலில் ஏறிய அட்டையை
தீப்பெட்டியால் தட்டிவிட்டான் அவன்,
அது மட்டும் அவனுக்கு இன்னும் நன்றாக வரும்.

பள்ளத்திலிருந்து வந்தது மஞ்சு.
முதலில் டயரைத் தின்றது,
பிறகு ரப்பரை, வேலியை, பைக்கின் நம்பரை.
எனக்கு எதிரே ஒரு மரம் நின்றது.
அதற்குப் பின்னால் ஒன்று.
அதற்குப் பின்னால்
இருக்கலாம் என்பது போல் ஒன்று.

உள்ளே நடந்தேன்.
செருப்புக்குக் கீழே ஊசியிலை மெத்தென்று அமுங்கியது.
மேலே எங்கோ, முட்டம் கடற்கரையைத்
தலையணைக்கு அடியில் வைத்தது போல ஒரு இரைச்சல்.
ஐந்தா, ஏழா, மரத்தைத் தொட்டுத் தொட்டுப் போனதில்
எண்ணிக்கை விட்டுப்போனது.

ஹாரன் கேட்டது.
ஒன்று. இடைவெளி. இரண்டு.
"பெனீ!"
வலப்பக்கமா, பின்பக்கமா, தெரியவில்லை.
பிசின் ஒட்டிய கையை மரத்திலிருந்து எடுக்காமல்
பேசாமல் நின்றேன்,
ஒரு வண்டி வளைவு திரும்பி மறையும் நேரம்.
மூன்று வருடம் சனிக்கிழமைகளில்
வாசல் லைட்டை அணைக்காமல் நான் நின்றதில்
அது ஒரு துளி.

பிறகு "வாறேன்" என்று கத்தினேன்.

இறக்கத்தில் அவன் எதுவும் சொல்லவில்லை.
கால் மட்டும் அழுத்திக்கொண்டே வந்தது.
காளிகேசம் திருப்பத்துக்கு முன்னால் ஓர் ஈர வளைவு.
ரப்பர் பால் ஏற்றிய ஜீப் திடீரென்று வந்தது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தோம்.

வண்டி நின்றது.

தடிக்காரன்கோணத்தில்
மரச்சீனியும் சாளைக்கறியும் சாப்பிட்டோம்.
எனக்கு இரண்டாம் தடவை கறி ஊற்றச் சொன்னான்.
பிசின் கை கழுவியும் போகவில்லை,
சாவி விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது.